அம்மாவின் மூட்டுவலிக்கு அக்குபங்சர்: புற்றுநோய் மாத்திரையோடு சேர்த்துப் போகலாமா?

மலைக்கோட்டை மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. போன வருடம் இடது மார்பில் கட்டி. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை மட்டும்தான். ஐந்து வருடம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்கள். எட்டு மாதம் ஓடிவிட்டது. மூன்றாவது மாதத்திலிருந்தே விரல், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் வலி. காலையில் எழுந்ததும் விரலை மடக்கவே அரை மணி நேரம் ஆகிறது. இடியாப்பம் பிழிவதை விட்டுவிட்டார். ஊறுகாய் பாட்டிலைத் திறக்க என்னைக் கூப்பிடுகிறார்.

போன வாரம் பீரோவைத் துடைக்கும்போது புடவைகளுக்கு அடியில் மாத்திரை அட்டைகள் கிடைத்தன. நான்கு அட்டை. பாதிக்கு மேல் மாத்திரை அப்படியே இருந்தது. கேட்டேன். "அட்டையிலிருந்து மாத்திரையைத் தள்ளவே கட்டைவிரல் உயிர் போகுதுடி. அந்த வலியைக் கொடுக்கிறதே அந்த மாத்திரைதானே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இதற்கிடையில் சித்தி அவரை ஒரு ஹீலரிடம் கூட்டிப் போயிருக்கிறார். நாடி பிடித்துப் பார்த்து, காலில் ஓர் இடத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு, "இனிமேல் இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், கழிவு தானாக வெளியேறும்" என்றாராம். அம்மாவுக்கு அது தேன் குடித்தது போல இருக்கிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் கேள்வி இதுதான். ஊசி குத்துகிற அக்குபங்சர் இந்த வலிக்கு நிஜமாகவே உதவுமா? மாத்திரையையும் விடாமல் அதையும் செய்துகொள்ளலாமா?

நெத்தியடி நேசன்

உதவாது. பிளாசிபோ, அதாவது நம்பிக்கையால் வரும் நிம்மதி மட்டும்தான். பணம் மிச்சம் பண்ணி நல்ல பெயின்கில்லர் வாங்கிக் கொடுங்கள். அந்த ஹீலர் பக்கம் மட்டும் தலை வைத்துப் படுக்காதீர்கள்.

வார்டு நம்பர் ஏழு

நேசன் சார் இப்படி ஒரே வரியில் முடிப்பார் என்று தெரியும். நான் கீமோ வார்டில் பதினொரு வருடமாக நர்ஸ். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் அம்மாவுக்கு ஏன் வலிக்கிறது என்பது. மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் ஊறிக்கொண்டே இருக்கும், கொழுப்புத் திசுவில் இருந்து. அதைத் தின்று வளரும் ரகக் கட்டிதான் அவருக்கு வந்திருக்கும். லெட்ரோசோல் அந்த ஊற்றை அடைக்கிறது. கட்டிக்குச் சாப்பாடு போய்விடுகிறது, சரி. ஆனால் மூட்டுக்கும் அந்த ஈஸ்ட்ரோஜன் வேண்டியிருந்தது. அதனால்தான் காலையில் கை மரக்கட்டை மாதிரி இருக்கிறது. உங்கள் அம்மா சொன்னது தப்பே இல்லை, மாத்திரைதான் காரணம். இப்படி வலி தாங்காமல் மாத்திரையை ஒளித்து வைக்கிற அம்மாக்கள் நிறையப் பேர். டாக்டர் கேட்டால் "சாப்பிடுறேங்க" என்பார்கள்.

இதே வலிக்கு அமெரிக்காவில் பதினொரு மையங்களில் 226 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2018-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. எல்லோரும் இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ஒரு குழுவுக்கு முறையான அக்குபங்சர், இன்னொன்றுக்கு அக்குபங்சர் புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தும் போலி அக்குபங்சர், மூன்றாவது குழு சும்மா காத்திருந்தது. வாரம் இரண்டு முறையாக ஆறு வாரம், பிறகு வாரம் ஒரு முறையாக ஆறு வாரம். ஆறாவது வாரத்தில் பத்துக்கு இத்தனை என்று வலியைக் கேட்டால், முறையான குழுவில் சுமார் 2 புள்ளி குறைந்திருந்தது. மற்ற இரண்டிலும் 1 புள்ளிதான். கவனியுங்கள், மூன்று குழுவிலும் யாரும் மாத்திரையை நிறுத்தச் சொல்லப்படவில்லை. மாத்திரையைத் தாங்க வைக்கத்தான் ஊசி.

நேசன் சார், அக்குபங்சர் புற்றுநோயைக் குணமாக்கும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என்னை வேலையை விட்டே அனுப்பலாம்.

நெத்தியடி நேசன்

ஒரு புள்ளி வித்தியாசத்துக்கா பதினெட்டு தடவை ஊசி? சரி, இந்த ஆய்வை ஒத்துக்கொள்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் நடந்ததையும் சொல்லுங்கள். முதுகுவலிக்காரர்கள் 1162 பேர். 2007-இல் முடிவு வந்தது. நிஜ அக்குபங்சரில் 47.6 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். போலியில் 44.2. எங்கே குத்தினாலும் ஒன்றுதான் என்றால் அந்தப் புள்ளி, நாடி, உடம்பில் ஓடுவதாக இவர்கள் சொல்லும் சக்தி ஓட்டம் எல்லாம் என்ன கதை?

லண்டன் குருவி

நேசன், அதே ஆய்வில் மூன்றாவது எண்ணை விட்டுவிட்டீர்களே. மருந்து, பிசியோதெரபி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் முன்னேற்றம் கண்டது 27.4 சதவீதம்தான். அதாவது போலி ஊசிகூட வழக்கமான வைத்தியத்தை ஓரம் கட்டிவிட்டது! இந்த ஆய்வுகளின் கையோடு, 2007 முதல் ஜெர்மனியின் பொது மருத்துவக் காப்பீடு நாள்பட்ட முதுகுவலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் அக்குபங்சர் செலவை ஏற்கிறது.

எங்கள் ஊர் கதை இதைவிட வேடிக்கை. இங்கே எந்தச் சிகிச்சைக்குப் பொதுப்பணத்தைக் கொடுக்கலாம் என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2009-இல் முதுகுவலிக்கு அக்குபங்சர் சரி என்றது. 2016-இல் போலியைவிடப் பெரிதாக மேல் இல்லை என்று அதையே எடுத்துவிட்டது. 2021-இல் காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு மறுபடி சரி என்றது. நடுவில் தலைவலிக்கான பரிந்துரை மட்டும் 2012-இலிருந்து அப்படியே நிற்கிறது, ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் பத்து தடவை வரை. எனக்கு ஒற்றைத் தலைவலி. பத்து முடித்தேன். மாதத்தில் ஆறு நாள் படுத்துக்கிடந்தவள் இப்போது இரண்டு நாள். ஊசியா, ஊசியோடு கிடைத்த அரை மணி நேர அமைதியா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வீட்டில் இரண்டு வாலில்லாக் குரங்குகள் இருக்கின்றன, அந்த அமைதியே ஒரு மருந்துதான்.

காவிரிக்கரை வாத்தியார்

புள்ளியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் என்பதால் நடுவில் புகுகிறேன். போலி அக்குபங்சர் என்பது சர்க்கரை மாத்திரை மாதிரி ஒன்றும் செய்யாத பொருள் அன்று. தோலில் ஊசி குத்தத்தான் செய்கிறார்கள். நரம்பு அதை உணரத்தான் செய்கிறது. அதனால் 1998-இல் ஜெர்மனியில் ஒரு ஊசி செய்தார்கள், நாடகக் கத்தி மாதிரி. குத்தினால் முனை பிடிக்குள்ளே போய்விடும், உள்ளே போனது போலவே இருக்கும். அதிலும் தோலில் முனை படுகிறதே! இந்தத் தலைவலி இன்னும் தீரவில்லை.

39 ஆய்வுகளில் இருந்த 20,827 நோயாளிகளின் தரவைத் தனித்தனியாக எடுத்துச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்று 2018-இல் வந்தது. முதுகு, கழுத்து, முழங்கால், தலைவலி இதெல்லாம் அதில் உண்டு. அக்குபங்சரே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் நல்ல வித்தியாசம். போலியோடு ஒப்பிட்டால் சின்ன வித்தியாசம், ஆனால் இருக்கிறது. பலன் ஒரு வருடம் கழித்தும் பெரும்பகுதி நிலைத்திருக்கிறது. நேசன் சொல்வதில் பாதி சரி: சக்தி ஓட்டம் என்ற விளக்கத்துக்கு இதில் ஆதாரம் இல்லை. ஆனால் விளக்கம் தப்பாக இருப்பதாலேயே பலன் இல்லாமல் போய்விடாது. என் பாட்டி வாதம், பித்தம் என்று சொல்லித்தான் சுக்குக் கஷாயம் கொடுத்தார். தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது.

தொடுசிகிச்சை அன்பன்

ஆய்வு, சதவீதம் என்று மேலைநாட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் எதுவும் தெரியாது. சகோதரியின் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார், வலியைக் கொடுப்பதே மாத்திரை. உடம்புக்குத் தன்னைத்தானே சரிசெய்யத் தெரியும். ஒரே ஒரு தொடுதல் போதும். ரசாயனத்தை உள்ளே தள்ளிக்கொண்டே குணம் தேடுவது காலில் முள்ளை வைத்துக்கொண்டே களிம்பு தடவுவது போல.

பெயர் வேண்டாம்

நான் இங்கே வழக்கமாக எழுதுவதில்லை. அன்பன் அய்யா எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது.

என் அப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரில் ஒருவர் இதே வார்த்தைகளைச் சொன்னார், ரசாயனம், கழிவு, உடம்புக்குத் தெரியும். இன்சுலினை நிறுத்தினார். முதல் வாரம் அப்பா சந்தோஷமாக இருந்தார், ஊசி இல்லாத காலை என்று. இரண்டாம் வாரம் வாந்தி. "கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க" என்று போனில் சொன்னார் அந்த ஆள். நான் சென்னையில் இருந்து வந்து சேர்ந்தபோது அப்பாவின் மூச்சு வேகவேகமாக, பழம் அழுகின மாதிரி வாசனையோடு வந்துகொண்டிருந்தது. ஐசியுவில் சர்க்கரை 500-க்கு மேல். நான்கு நாள் இருந்தார்.

அவருடைய ஃப்ரிட்ஜ் கதவில் அந்த இன்சுலின் பேனா இன்னும் பல மாதம் கிடந்தது. யாருக்கும் எடுத்துப்போட மனம் வரவில்லை.

மலைக்கோட்டை மகள், உங்கள் அம்மா எந்த ஊசி வேண்டுமானாலும் குத்திக்கொள்ளட்டும். மாத்திரையை நிறுத்து என்று சொல்கிற இடத்தில் மட்டும் உட்கார விடாதீர்கள்.

மலைக்கோட்டை மகள்

படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இதை எழுதியதற்கு நன்றி.

பழைய சைக்கிள்

அந்தப் பதிவுக்குப் பிறகு எழுதத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் அன்பன் தம்பி "மேலைநாட்டுக் கண்ணாடி" என்றதால் ஒரு பழங்கதை. அக்குபங்சர் நம்மூர் வைத்தியமும் இல்லை, சீனாவுடையது. நம் நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஊசியோடு ஸ்டெதஸ்கோப்பும் வைத்திருந்த ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர். 1938-இல் ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்களே, கோட்னிஸ் இருந்த குழு, அதில் விஜய் குமார் பாசு என்பவரும் ஒருவர். பின்னாளில் மறுபடி சீனா போய் இதைக் கற்றுக்கொண்டு 1959 வாக்கில் கல்கத்தாவில் தொடங்கினார். இந்த வைத்தியத்துக்குத் தனிச் சட்டம் முதலில் மேற்கு வங்கத்தில் வந்ததும் (1996) தற்செயல் இல்லை.

அமெரிக்காவில் பரவியதும் ஒரு குடல்வால் புண்ணியத்தில். 1971-இல் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீஜிங் போன இடத்தில் குடல்வால் வீங்கி ஆபரேஷன் ஆயிற்று. ஊசி குத்தியே ஆபரேஷன் செய்தார்கள் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்கள். கிடையாது. மரத்துப்போகிற மருந்தை முறையாகப் போட்டுத்தான் அறுத்தார்கள். மறுநாள் இரவு வயிறு உப்பி வேதனைப்பட்டபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி. அறுப்பது சர்ஜன், உப்புசத்துக்கு ஊசி. அன்றைக்கே வேலையைப் பிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

வார்டு நம்பர் ஏழு

பழைய சைக்கிள் அய்யா, இதுதான் நான் சொல்ல வந்ததும். எங்கள் வார்டிலும் வேலையைப் பிரித்துக்கொள்கிறோம். கீமோ வாந்திக்கு ஒண்டான்செட்ரான் ஊசி போட்டுத்தான் ஆகவேண்டும். அதையும் மீறிக் குமட்டல் இருப்பவர்களுக்கு ஒரு புள்ளி சொல்லிக்கொடுப்பேன். உள்ளங்கையைத் திருப்புங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து உங்கள் மூன்று விரலைப் படுக்கப் போட்டால் எவ்வளவோ அவ்வளவு மேலே, நடுவில் தெரியும் இரண்டு தசைநார்களுக்கு இடையில். நெய்குவான் என்பார்கள், பி6 என்றும் பெயர். கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்த வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வாந்திக்கு இந்தப் புள்ளியைத் தூண்டுவது பற்றி 59 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு வெளியிட்டது. வாந்தி மருந்தோடு ஒப்பிடும் அளவுக்குப் பலன் இருப்பதாக முடிவு. எனக்கு இதில் பிடித்தது, நோயாளியின் கையில் ஒரு வேலை கிடைக்கிறது. ட்ரிப் ஏறுகிற நான்கு மணி நேரமும் மேலே தொங்குகிற பாட்டிலையே பார்த்துக்கொண்டிருக்காமல் அவர்களே ஏதோ செய்கிறார்கள்.

சாலையோர வேம்பு

இயற்கை மருத்துவம் யோகா (பி.என்.ஒய்.எஸ்.) படித்து, அக்குபங்சரும் செய்கிறவள். மகளுக்கு நேரடியாக.

நீங்கள் கேட்ட இதே வலிக்கு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியில் அக்குபங்சர் இருக்கிறது. அந்தத் தைரியத்தில் புற்றுநோய் டாக்டரிடமே போய்க் கேளுங்கள். ஒளித்து வைத்த அட்டைகளையும் மேசையில் வையுங்கள். அம்மாவைத் திட்டுவார் என்று பயப்படாதீர்கள். லெட்ரோசோலுக்குப் பதில் அதே வகை மாத்திரையான எக்ஸிமெஸ்டேன் மாற்றிப் பார்க்கலாம், வைட்டமின் டி பார்க்கலாம், இதெல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது.

ஊசி குத்துவதற்கு முன்னால் என்னிடம் வந்தால் நான் கேட்பது: கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை எங்கே? தட்டணுக்கள் குறைந்திருந்தால் ரத்தம் கட்டும், வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் கிருமி புகும். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உண்டா? பேஸ்மேக்கர் உண்டா? இருந்தால் மின்சாரம் பாய்ச்சும் அக்குபங்சர் கூடாது. அம்மாவுக்கு இடது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருப்பார்கள். அந்தக் கையில் நான் குத்தவே மாட்டேன், வீக்கம் வந்தால் ஆயுசுக்கும் தொல்லை. வலது கை, கால், காது என்று போகலாம். மார்புக்கூட்டின் மேல் ஆழமாகக் குத்துபவரிடம் போகாதீர்கள். நுரையீரலில் ஓட்டை விழுந்து ஐசியுவுக்குப் போன கதைகள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. அபூர்வம்தான், ஆனால் இருக்கிறது.

ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதாக இருக்க வேண்டும், உங்கள் கண்ணெதிரே உறையைப் பிரிக்க வேண்டும். இதைக் கேட்டால் முகம் சுளிப்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

அன்பன் அய்யாவுக்கு ஒரு வார்த்தை. முள் உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் இங்கே முள் மாத்திரை இல்லை, புற்றுநோய்.

மூன்று சக்கரம்

நான் கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஆய்வெல்லாம் தெரியாது. இடுப்புவலி, எம்.ஆர்.ஐ. பார்த்து டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கு என்றார்கள், ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். பிசியோ பயிற்சியோடு அக்குபங்சரும் பத்து தடவை போனேன். தடவைக்கு நானூறு ரூபாய்.

எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். ஊசி என்றதும் ஆஸ்பத்திரி ஊசி மாதிரி நினைத்துத்தான் நானும் வியர்த்தேன். இது தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். சின்ன பிளாஸ்டிக் குழாயை வைத்து விரலால் ஒரு தட்டு. எறும்பு கடித்த மாதிரி. அப்புறம் டாக்டர் ஊசியை லேசாகத் திருகினார், உள்ளே மதமதவென்று ஒரு கனம், காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து மரத்துப்போகுமே அது மாதிரி. "வந்துச்சா?" என்று கேட்டார். வந்துச்சு. அப்படியே இருபத்தைந்து நிமிடம் குப்புறப் படுத்து முதல் நாளே குறட்டை விட்டுவிட்டேன். எடுக்கும்போது ஒவ்வொன்றாக எண்ணி டப்பாவில் போட்டார், பதினொன்று உள்ளே, பதினொன்று வெளியே.

வலி மொத்தமாகப் போகவில்லை. முன்பு இரண்டு சவாரிக்கு ஒருமுறை இறங்கி நிற்பேன், இப்போது மதியம் வரை ஓட்டுகிறேன். பயிற்சியை ஒரு வாரம் விட்டால் திரும்ப வந்துவிடுகிறது, அதனால் எதனால் நல்லாச்சு என்று கேட்காதீர்கள்.

நெத்தியடி நேசன்

ஆட்டோ அண்ணனின் பதிவுதான் இந்த இழையிலேயே நேர்மையானது. மாத்திரையை நிறுத்தாத வரை எனக்கு ஆட்சேபம் இல்லை. "சக்தி ஓட்டம்" என்ற வார்த்தையை மட்டும் என் முன்னால் சொல்லாதீர்கள்.

மலைக்கோட்டை மகள் (ஏழு வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். சொன்னபடி நான்கு அட்டைகளையும் டாக்டரின் மேசையில் வைத்தேன். அவர் திட்டவில்லை. "என்கிட்ட வர்ற பத்து பேருல நாலு பேர் இப்படித்தான்மா" என்றார். இரண்டு வாரம் மாத்திரையை அவரே நிறுத்திவைத்து எக்ஸிமெஸ்டேனுக்கு மாற்றினார். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு அக்குபங்சருக்கு ஒரு சீட்டும் எழுதித் தந்தார், "இடது கையில் வேண்டாம்" என்று அடிக்கோடு போட்டு. தினம் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்.

இதுவரை பத்து தடவை ஆகிவிட்டது. காலை விறைப்பு அரை மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு வந்திருக்கிறது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை மாற்றியதாலா, நடையாலா, ஊசியாலா என்றால், ஆட்டோ அண்ணன் சொன்ன பதில்தான். சித்தி இரண்டு வாரம் பேசவில்லை. இப்போது அவரும் தன் தோள்பட்டைக்கு அதே இடத்துக்கு வருகிறார்.

அட்டையை இன்னும் கட்டைவிரலால் தள்ள முடியவில்லை. கரண்டிக் காம்பால் அழுத்துகிறார். நான் தினம் எண்ணிப் பார்ப்பது தெரிந்து, காலி அட்டையைக் கொண்டுவந்து என் லேப்டாப் மேல் வைத்துவிட்டுப் போகிறார்.

வார்டு நம்பர் ஏழு

கரண்டிக் காம்பை நாளைக்கே வார்டில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று சக்கரம்

முழங்காலுக்கு அந்த டாக்டர் எங்கே குத்துகிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள் தங்கச்சி. எனக்கும் இப்போது வலது முட்டி ஆரம்பிச்சிருக்கு.